வீட்டைப் படம் பிடித்தால் தப்பா?

கையில் கேமரா கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு, பூச்செடி பக்கத்தில் நின்று, "எடுடா மச்சான்" என்போம். பின்னால் நம்ம வீட்டுச் சுவர் தெரியக்கூடாது, அதில் மட்டும் கவனமாக இருப்போம். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பில்லிங்ஹாம் என்பவர் நேர்மாறாகச் செய்தார். வீட்டையே படம் எடுத்தார். அது சரியா தப்பா என்ற வாதம் 1996-ல் கிளம்பியது. என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன் நண்பர்களே: நான் பில்லிங்ஹாம் கட்சி.

பிறந்தது 1970. வளர்ந்தது பர்மிங்காம் பக்கத்தில், கிராட்லி ஹீத். நிலக்கரி, இரும்பு, புகை என்று வாழ்ந்த வட்டாரம். (அந்த ஊரில் சங்கிலி அடித்த பெண்கள் 1910-ல் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். சங்க மலரில் இதைச் சொல்லாமல் எப்படி?) ஆனால் பில்லிங்ஹாம் பையனாக இருந்தபோது ஆலைகளுக்குப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. அப்பா ரே மெஷினில் வேலை செய்தவர். 1980 வாக்கில் வேலை போச்சு. சொந்த வீட்டை விற்றுவிட்டு அரசாங்க அடுக்குமாடியில் குடியேறினார்கள். ரே குடியில் விழுந்தார்.

மகன் ஓவியம் படிக்கப் போனார். அப்பாவை வரைய ஆசை. குடித்தவர் ஆடாமல் உட்காருவாரா? அதனால் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரையலாம் என்று தொடங்கினார். கிடைத்ததிலேயே மலிவான பிலிம். பல படங்களில் போகஸ் கூட சரியில்லை. சன்டர்லாண்டில் படித்தபோது ஓர் ஆசிரியர் கண்ணில் இவை பட்டன. ஓவியம் பின்னால் போய், போட்டோவே படைப்பாகிவிட்டது. 'ரேஸ் எ லாஃப்' என்ற புத்தகம் 1996-ல் வந்தது. ஒரு பழைய ரேடியோ நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயர் அது!

அந்தப் படங்களில் பூனை அந்தரத்தில் பறக்கிறது, எறிந்தவர் ரே. கழிப்பறைத் தரையில் ரே கிடக்கிறார். பச்சை குத்திய கையோடு அம்மா லிஸ், பூப்போட்ட உடையில், துண்டுப்படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். 1997-ல் லண்டன் ராயல் அகாடமியில் 'சென்சேஷன்' கண்காட்சியில் இவை மாட்டப்பட்டன. 2001-ல் டர்னர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனார். பரிசு வேறொருவருக்குப் போனது.

பெற்றவர்கள் வறுமையை விற்றுவிட்டான் என்றார்கள். வெளியிலிருந்து கார் வைத்து வந்து, ஏழை வீட்டை எடுத்துக்கொண்டு போனவன் என்றால் நானும் திட்டியிருப்பேன். இவர் அந்த வீட்டுப் பிள்ளைங்க! அந்த அழுக்குச் சுவருக்குள் தூங்கி எழுந்தவர். பெற்றோரும் சரி, தானும் சரி, இந்தப் படங்களைப் பார்த்து அதிரவில்லை, வறுமை பழகிப்போனது என்று அவரே சொன்னார். அதிர்ந்தது கண்காட்சிக்கு வந்தவர்கள்தான்.

எங்க அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதும்போது பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்ப்பான். அந்தப் பார்வை தெரிந்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறைய பேர். படித்து மேலே வந்தவன் வீட்டை மறைக்கணும் என்று யார் சட்டம் போட்டது?

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. போதையில் இருக்கும் மனிதர் "எடுத்துக்கோ" என்றால் அது சம்மதமா? பணக்காரர்கள் சுவரில் தன் படம் தொங்கும் என்று ரே நினைத்திருப்பாரா? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் 2018-ல் 'ரே அண்ட் லிஸ்' என்று திரைப்படம் எடுத்தார். நடிகர்களை வைத்து, 16 எம்.எம். பிலிமில், அதே குடும்பம், அதே அறை. அப்பா அம்மாவைக் கேவலப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அந்த வேலை 1996-லேயே முடிந்துபோயிருக்குமே!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்