வெளியூர்க்காரியின் பயணச்சீட்டு

இண்டூரிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறும்போது எங்கள் தெருப் பெண்கள் சுருக்குப்பையைத் தேடுவதில்லை. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்து நீட்டுகிறார். எந்த ஊர், எந்த மாநிலம் என்று விசாரிப்பதில்லை. அதே பெண்கள் தருமபுரியில் வண்டி மாறி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடந்து பெங்களூரில் இறங்கியதும் கதை வேறாகிவிடுகிறது.

சென்ற முறை நாங்கள் போனபோது, அங்கே கட்டட வேலை செய்யும் மகளைப் பார்ப்பதற்காக எங்கள் தெரு அத்தை ஒருவரும் உடன் வந்தார். சில்க் போர்டில் மாநகரப் பேருந்தில் ஏறினோம். முன்னிருக்கைப் பெண்கள் ஆதார் அட்டையைக் காட்டிக் காசில்லாமல் சீட்டு வாங்குவதைக் கவனித்த அத்தை, தன் அட்டையையும் பெருமிதத்தோடு நீட்டினார். நடத்துநர் நல்ல தமிழிலேயே, “இது கர்நாடகா அட்ரஸ் இல்லையேம்மா” என்றார். “பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணுதானே சாமி?” என்று கேட்டார் அத்தை. நடத்துநர் சிரித்தார். நாங்கள் காசைக் கொடுத்தோம்.

நடத்துநர் மீது எங்களுக்குக் குறையில்லை. 2023 ஜூன் 11 அன்று கர்நாடகத்தில் தொடங்கிய சக்தி திட்டம் அம்மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கானது. தங்கள் வரிப்பணத்தில் தங்கள் மக்களுக்குச் செய்கிறார்கள் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எஸ்தோனியாவின் தலைநகரான தாலினும் 2013-இல் நகரப் பதிவேட்டில் பெயருள்ளவர்களுக்கு மட்டுமே கட்டணத்தை நீக்கியது. மாறாக, லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் எல்லோருக்கும் நீக்கியது. பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்கு வருபவர்களை நம்பி வாழும் நாடு அது. அவர்களிடம் முகவரி கேட்பது அபத்தம் என்பது அங்கே புரிந்திருக்கிறது போலும்.

பெங்களூரின் நிலை தாலினைவிட லக்சம்பர்க்கிற்கே நெருக்கமானது என்பது எங்கள் எண்ணம். அத்தையின் மகள் ஆண்டில் பெரும்பகுதி அந்நகரில்தான் செங்கல் சுமக்கிறாள். குடும்ப அட்டையும் வாக்கும் இண்டூரில் இருப்பதால், அந்நகரத்தின் கணக்கில் அவள் வெளியூர்க்காரி. அடுக்குமாடியை எழுப்புகிறவள் சீட்டுக்குக் காசு கொடுக்கிறாள். அதில் குடியேறுகிறவள் முகவரிச் சான்று பெற்றுவிடுகிறாள். வேலை செய்யும் இடத்தையே முகவரியாக ஏற்றுக்கொள்வதில் அரசுக்கு என்ன இழப்பு வந்துவிடும்?

தமிழ்நாட்டைத் தூக்கிப்பிடிக்க இதை எழுதவில்லை. தருமபுரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் புறநகர்ப் பேருந்தில் எங்கள் பெண்களும் முழுக் கட்டணம் கொடுத்தே போகிறார்கள்.

காசு கொடுப்பதென்று முடிவான பிறகும் சிக்கல் தீர்வதில்லை. 2025 ஜனவரியில் பெங்களூர் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து ஆறானது. ஐந்து ரூபாய்க்கு ஒரு நாணயம் போதும். ஆறுக்குச் சில்லறை வேண்டும். மீதியைச் சீட்டின் பின்புறம் எழுதித் தரும் வழக்கத்தை அந்நகரில் பயணித்தவர்கள் அறிவார்கள். நெரிசலில் இறங்குமிடம் தெரியாமல் தவிக்கும் வெளியூர்க்காரருக்கு அந்த எழுத்து பெரும்பாலும் வெறும் எழுத்துதான். கைப்பேசியில் பணம் செலுத்தலாம் என்பார்கள். அத்தையிடம் இருப்பது பொத்தான் வைத்த கைப்பேசி.

மெட்ரோவிலும் இதே பாகுபாடு மெலிதாக உண்டு. ஓசூர் சாலையை ஒட்டி பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தடம் எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் மெட்ரோ அட்டை வைத்திருப்பவருக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடி. டோக்கன் வாங்குகிறவருக்கு இல்லை. ஆண்டுக்கொரு முறை வருகிறவர் ஐம்பது ரூபாய் கொடுத்து அட்டை வாங்கி என்ன செய்வார்? லண்டன் பேருந்துகள் 2014 ஜூலையிலேயே ரொக்கத்தை நிறுத்திவிட்டன. எனினும் அங்கே அயல்நாட்டு வங்கி அட்டையும் செல்லும், ஒரு நாளுக்கான உச்சவரம்பும் உண்டு. அந்த உச்சவரம்பு உள்ளூர்க்காரருக்கும் விருந்தாளிக்கும் ஒன்றே. வங்கி அட்டையே இல்லாதவர் பாடு அங்கும் திண்டாட்டம்தான்.

இவ்வளவுக்கும் நடுவே பெங்களூரிடம் நாங்கள் மனதாரப் பாராட்டும் ஏற்பாடு, நடத்துநரிடமே வாங்கக்கூடிய ஒரு நாள் பாஸ். 2025 ஜனவரியில் அதன் விலை 70 ரூபாயிலிருந்து 80 ஆக உயர்ந்தது. இருந்தாலும் காலையில் ஒரு முறை பணத்தைக் கொடுத்துவிட்டால் இரவு வரை சில்லறைப் பேச்சில்லை, தப்பான பேருந்தில் ஏறிவிட்டாலும் நட்டமில்லை. மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுக்குமாக அலைகிறவருக்கு இதன் அருமை தெரியும். இப்படியொன்று இருப்பதை மாநிலம் விட்டு வருபவர்கள் இறங்குமிடங்களில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்கலாம்.

ஊர் திரும்பும்போது அத்தையின் மகளும் எங்களோடு வந்தாள். உடன் வேலை செய்யும் ராய்ச்சூர்ப் பெண்ணொருத்தியையும் அழைத்து வந்திருந்தாள். தருமபுரியில் இண்டூர் பேருந்தில் ஏறியதும் அந்தப் பெண் பழக்கத்தில் ஆதாரை எடுத்து நீட்டினாள். நடத்துநர் அதைப் பார்க்கவே இல்லை. மூன்று சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, விசிலை ஊதினார்.