பிரௌசரின் பெயரைக் கேட்டு என்ன செய்யப் போறீங்கள்?

கம்பஸ் லைப்ரரியில் வைஃபை எடுத்தால் முதலில் லொகின் பக்கம் வரவேணும். எங்களில் சிலருக்கு அது வராது. வந்தாலும் 'இந்த பிரௌசர் ஏற்கப்படாது' என்று நிற்கும். அசைன்மென்ட் அனுப்ப ஒரு மணித்தியாலம்தான் இருக்கும். கேட்டால், "போனை மாத்துங்கோ" என்பதுதான் பதில்.

ஒவ்வொரு பிரௌசரும் தளத்துக்குத் தன் பெயரைச் சொல்லும். ஆனால் அந்தப் பெயரை நம்ப ஏலாது. 1990களில் சில தளங்கள் நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கங்களைக் காட்டின. அதனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் நெட்ஸ்கேப்பின் 'மொஸில்லா' என்ற பெயரைப் போட்டுக்கொண்டது. இன்றைய குரோமும் 'மொஸில்லா/5.0' என்றுதான் தொடங்குது.

லொகின் பக்கம் வராவிட்டால் நெவர்எஸ்எஸ்எல்.கொம் என்று அடிச்சுப் பாருங்கோ. அது பூட்டுக்குறி இல்லாத பக்கம். வைஃபை அதை மறிச்சு லொகினுக்கு அனுப்ப முடியும். பிரௌசரை ஏற்காவிட்டால் குரோம் மெனுவில் 'டெஸ்க்டொப் சைட்'டைத் தெரிவு செய்யுங்கோ. அது சொல்லும் பெயர் மாறும்.

ஒரு தட்டலில் மாறுகிற பெயரைப் பார்த்து ஆளை வாசலில் மறிக்கிறது என்ன பாதுகாப்பு? மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கேளுங்கோ, போதும். புதுப் போன் வாங்க வழியில்லாதவரும் மாணவர்தான்.