சிறு லாரிக்குத் தாழ்கியர் இணைக்கலாமா?

நமது சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில், மலைப்பக்கத்து உறுப்பினர்கள் ஒரு கோரிக்கையை எழுப்பினர். சங்கத்திடம் உள்ள சிறு லாரிக்கு நான்கு சக்கரங்களிலும் இயக்கம் உண்டு. ஆனால் தாழ்கியர் கிடையாது. தனியாக ஒரு தாழ்கியர்ப் பெட்டியை வாங்கி அதனுடன் இணைத்துவிட்டால், மேட்டுக் காடுகள் வரை வண்டி ஏறிச் சென்று சரக்கை எடுத்து வரலாம் என்பது அவர்கள் கருத்து. கைதட்டல் பலமாக இருந்தது. நாமும் அன்று மறுத்துப் பேசவில்லை. பின்னர் அமர்ந்து கணக்குப் பார்த்தபொழுது தோன்றியவற்றை உறுப்பினர்கள் முன் வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

தேவை உண்மையானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். பாலக்கோட்டுச் சந்தைக்கு வரும் தக்காளி நசுங்கினால் விலை இல்லை. பட்டுக்கூடு இன்னும் மென்மையானது. குறித்த நாட்களுக்குள் தருமபுரி அங்காடியைச் சேராவிடில் பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவந்துவிடும், நெசவாளர்க்கு வேண்டிய நூலிழை அறுந்துபோகும். மலைப்பகுதிக் கேழ்வரகும் சாமையும் புளியும் பொறுத்திருக்கும், கூடு பொறுத்திராது. நம் மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு 2021 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றப்பட்டுச் சென்றதை நாடே பார்த்தது. வாக்குக்கே அந்த வழி எனில், கூடைக்கு என்ன வழி என்று மலைப்பக்கத்து உறுப்பினர் கேட்பதில் தவறில்லை.

நிற்க. தாழ்கியர் என்பது யாது? வழக்கமான கியர்பாக்ஸுக்குப் பின்னால், இயந்திரத்தின் ஆற்றலை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் ஒரு பெட்டி உண்டு. அப்பெட்டிக்குள் இன்னொரு சோடிப் பற்சக்கரங்களை வைத்து, தேவையானபோது சுழற்சியை மேலும் குறைத்து, அதே அளவுக்கு இழுவிசையைக் கூட்டுவதே தாழ்கியர். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் இக்குறைப்பு ஏறத்தாழ 2 மடங்காக இருந்தது. போருக்குப் பின் வந்த குடிமக்கள் ஜீப்பில் ஏறத்தாழ 2.5 மடங்கு ஆயிற்று. 1947 முதல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் ஜீப்புகளை உருவாக்கத் தொடங்கியபோது இந்த ஏற்பாடும் உடன் வந்தது. மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்கு ஏறும் பழைய லாண்ட் ரோவர்களும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ஜீப்புகளும் இதன் வலிமையாலேயே புகழ்பெற்றன.

ஒரு கணக்கு. சரக்கோடு 3 டன் எடையுள்ள வண்டி. இயந்திரத்தின் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் அச்சுப் பற்சக்கரமும் சேர்ந்து 18 மடங்குக் குறைப்பு என வைத்துக்கொள்வோம். உராய்விழப்புப் போகச் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 900 கிலோ. ஐந்தடி சென்றால் ஓரடி உயரும் பாதையில் சாய்வு மட்டுமே 600 கிலோ கேட்கும். சரளையும் குழியும் இன்னும் 150 கிலோ கேட்கும். ஆக ஏறலாம்; ஆனால் இயந்திரம் தன் முழு வலிமையுடன் சுழலும் வேகத்தில்தான் ஏறலாம். இடையில் ஒரு பாறையைக் கண்டு நிறுத்தினால், மீண்டும் கிளப்பக் கிளட்ச்சைத் தேய்த்தே ஆகவேண்டும். கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் நம் ஓட்டுநர்களுக்குப் புதிதன்று.

2.5 மடங்குத் தாழ்கியர் இருப்பின், குறைப்பு 18 என்பது 45 ஆகும். இழுவிசை இரண்டு டன்னைத் தாண்டும். அதைவிட முக்கியமானது வேகம். இயந்திரம் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழலும்போது சாதாரண முதல் கியரில் வண்டி மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். தாழ்கியரில் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. கூடை சுமந்து நடப்பவர் அதைக் கடந்து சென்றுவிடலாம். தக்காளிக்கு அந்த வேகமே நல்லது.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசினர்; இறங்குவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சுமையோடு வண்டி போவது இறக்கத்தில்தான் என்பதை மறந்துவிட்டோம். மலைக்கு வெறும் வண்டி ஏறுகிறது. நிறைந்த வண்டி இறங்குகிறது. 3 டன் வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இயந்திரம் வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்காவிடில், அவ்வளவு வெப்பமும் பிரேக்கிலேயே இறங்கும். தாழ்கியரின் தலையாய பயன் இந்தப் பிடித்திறக்கமே என்பது நம் துணிபு.

இவ்வளவு சொன்ன நாமே கோரிக்கையை ஏற்காதது ஏன்? நம் உறுப்பினர் ஒருவரின் வண்டிக்கு நேர்ந்ததைச் சொன்னால் விளங்கும். அவர் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பழைய தாழ்கியர்ப் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். புதிய பெட்டிக்கு இடம் செய்யப் பின்பக்கச் சுழல்தண்டைக் குறுக்கினர். குறுக்கியதால் அதன் சாய்வுக் கோணம் கூடிற்று. சமவெளியில் ஒரு நடுக்கம் மட்டும் தெரிந்தது. மூன்றாம் மாதம், பாரத்தோடு இறங்கும்போது, தண்டின் மூட்டுச் சிலுவை முறிந்தது. முறிந்த கணமே இயந்திரத்தின் பிடிப்பும் அற்றுப்போயிற்று. அவ்வேளையில் முன்சக்கர இயக்கமும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஓட்டுநர் நிதானமுடையவர், வண்டியை மலைப்பக்கத்து மண்கரையில் சாய்த்து நிறுத்தினார். உயிருக்குச் சேதமில்லை. காப்பீட்டுத் தொகை கேட்டபோது, பதிவுச் சான்றில் இல்லாத மாற்றம் என்று கையை விரித்துவிட்டனர். வண்டிக் கடனின் தவணை மட்டும் இன்றும் ஓடுகிறது.

இழுவிசை இரண்டரை மடங்கு கூடுகிறதென்றால், பெட்டிக்குப் பின்னுள்ள தண்டு, மூட்டு, அச்சு, கிரௌன் பினியன் யாவும் அந்த இரண்டரை மடங்கைச் சுமக்க வேண்டும். தொழிற்சாலை அதற்கென அளவெடுத்துச் செய்கிறது. பட்டறைக்காரர் கிடைத்ததைக் கொண்டு செய்கிறார். அவர் கைத்திறனை நாம் பழிக்கவில்லை. இரும்பின் வலிமையைக் கண்ணால் அளக்க இயலாது என்றே சொல்கிறோம். அமெரிக்காவில் டொயோட்டா சிறு லாரிகளில் இரண்டு தாழ்கியர்ப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, 2.28 மடங்கை 5 மடங்குக்கு மேலாக்கிப் பாறை ஏறுகின்றனர். அது விளையாட்டு. அச்சு முறிந்தால் அன்றைய பொழுதுதான் போகும். ஒரு குடும்பத்தின் ஒரு பருவத்து வருவாய் போகாது.

சட்டமும் உண்டு. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்திற்று. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, இசைவற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமையாளர் என்பது இங்கே சங்கம். அதாவது நாம் எல்லோரும்.

சிலர் அச்சிலுள்ள கிரௌன் பினியனை மட்டும் மாற்றிவிடலாம் என்றனர். முன்னச்சிலும் பின்னச்சிலும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும்; மாற்றிய பின் ஓசூர்ச் சாலையில் நாளெல்லாம் இயந்திரம் அலறிக்கொண்டே ஓடும், டீசலும் கூடும். அது வேண்டாம்.

சப்பானியக் குடியானவர் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்துக்கொண்டதை எண்ணிப் பார்க்கலாம். 660 சி.சி. இயந்திரமும் 350 கிலோ சுமையும் கொண்ட அவர்களது குட்டி லாரிகளில், வயலுக்கென்றே மிகத் தாழ்ந்த முதல் கியரைத் தொழிற்சாலையிலேயே வைத்தனர். ஹோண்டாவின் ஆக்டி வண்டியில் பின்னோக்கிச் செல்வதற்கும் அத்தகைய கியர் இருந்தது. சுபாருவின் சாம்பார் வண்டியில் உழவர்க்கென ஒரு தனி வகை, வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவே விற்கப்பட்டது. வண்டியின் பெயர் நமக்குச் சிரிப்பூட்டலாம். ஆனால் உழவர்களின் சங்கம் தன் தேவை இன்னதென்று உற்பத்தியாளரிடம் சொல்ல, அவர் அதைச் செய்து தந்தார் என்பது சிரிக்கத்தக்கதன்று. நம் நாட்டுச் சங்கங்களும் தனித்தனியே பட்டறை தேடாமல் சேர்ந்து கேட்டால் கேட்கப்படும்.

ஆகவே நம் கருத்து இது: இப்போதுள்ள வண்டியை வெட்டி ஒட்ட வேண்டாம். அதைச் சமவெளி வேலைக்கு வைத்துக்கொள்வோம், அன்றி விற்போம். மலைக்கென, தாழ்கியரோடு தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி ஒன்றை, பழையதாயினும், பதிவுச் சான்று சரிபார்த்து வாங்குவோம். இணைத்தே ஆகவேண்டும் எனப் பெரும்பான்மையோர் விரும்பினால், அதே உற்பத்தியாளரின் தாழ்கியர் வகையிலிருந்து பெட்டி, சுழல்தண்டுகள், தாங்கிகள் யாவற்றையும் ஒருசேரப் பெற்று, உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் செய்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் இசைவைப் பதிவுச் சான்றில் ஏற்றிய பின்னரே சாலைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குக் குறைந்த எதற்கும் நம் வாக்கு இல்லை.

வண்டி வந்தபின்னும் இரண்டு ஒழுங்குகள் தேவை. தாழ்கியரை வண்டி நின்ற நிலையில், அல்லது ஊர்ந்து செல்லும் நிலையில்தான் இணைக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தோடு உலர்ந்த தார்ச்சாலையில் ஓட்டலாகாது. திருப்பங்களில் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். இதைக் கற்காத ஓட்டுநரிடம் சாவியைக் கொடுக்கலாகாது, அவர் செயலாளரின் மைத்துனராயினும் சரி.

புதிய வண்டி வரும்வரை மலைப்பக்கத்துச் சரக்கு என்னாவது என்று கேட்பீர்கள். பாதிச் சுமை ஏற்றி இரண்டு நடை போகலாம். எடை குறைந்தால் பிரேக்கின் சுமையும் குறையும். வண்டி போக இயலாத காடுகளிலிருந்து கீழ்ச்சாலை வரை தலைச்சுமையாகவும் கழுதைகளிலும் கூடு கொண்டுவரும் உறுப்பினர்களுக்குச் சுமைகூலியில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். சமவெளி உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்துவார்கள் என நம்புகிறோம்.