கோயில் வேனுக்கு நாமே பிரேக் பேட் மாத்தலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு, கார் வச்சிருக்கிறவங்க முழுசா படிச்சிடுங்க.

போன தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க கோயில் வேனுக்கு முன்பக்க பிரேக் பேட் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் கூட்டம், கூலியும் மிச்சமாகும் என்று நாங்களே இறங்கினோம். தன் காருக்குப் பல தடவை மாற்றிய தொண்டர் தம்பி ஒருத்தர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். அப்புறம் வேனைப் பின்னால் எடுத்தார். பிரேக்கை மிதிச்சா, பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. வேன் நிக்கல. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தும்போது, அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாக்களுக்கும் வேனுக்கும் நாலடிதான் இருந்தது.

காரணம் சின்னது. புது பேட் தடிமனா இருக்கும். அதை வைக்க பிஸ்டனை உள்ளே தள்ளுவோம். வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல தடவை மிதித்து, அது கெட்டியாகிறதா என்று பார்க்கணும். இது அந்தத் தம்பிக்குத் தெரியாம இல்ல. நடுவில் போன் வந்தது, மறந்துட்டார்.

அதுக்கப்புறம் வாட்சாப் குழுவில், "இனிமே யாரும் வீட்டில் பிரேக்கைத் தொடாதீங்க" என்று சில அண்ணன்மார்கள் எழுதினாங்க. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை. பட்டறையிலும் மறதி வரும். சொந்தமா சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கிறவருக்குத்தான் பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தது முன்கூட்டியே தெரியும். மற்றவங்களுக்கு இரும்போடு இரும்பு உரசுற சத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

அதனால் தொடுங்க, ஆனால் இதை விடாதீங்க:

- ஜேக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீங்க. ஜேக் ஸ்டேண்டு கட்டாயம்.
- ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. இடது வலது ரெண்டும் சேர்த்துத்தான்.
- கேலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்க விடாதீங்க, கம்பியால் கட்டி வைங்க.
- பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது.
- பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் பாருங்க. பெயிண்டைத் தின்றுவிடும்.
- பின்பக்கம் டிரம் பிரேக் என்றாலோ, பட்டனில் போடுற கைப்பிரேக் என்றாலோ, தெரிந்த போமனிடம் விடுங்க.
- புது பேட் பழகும் வரை, முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசரமில்லாமல் சடக்குன்னு மிதிக்காதீங்க.

எங்க காரில் போறது நாங்கள். கோயில் வேனில் போறது மற்றவங்க வீட்டுப் பாட்டியும் பிள்ளைகளும். காசு மிச்சம் பிடிக்கிறதும் சேவைதான், ஆனால் அவங்க உயிரை வச்சு மிச்சம் பிடிக்க நமக்கு உரிமை இல்லை.

அதனால் எங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒருத்தர் மாற்றினால், இன்னொருத்தர் போனை வைத்துவிட்டு நட்டு முதல் பெடல் வரை தொட்டுப் பார்க்கணும். பிறகு காலி வேனை மெதுவா ஓட்டி, நிறுத்திப் பார்த்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவோம்.

அந்தத் தம்பியை யாரும் திட்ட வேண்டாம். இப்போ ரெண்டாவது ஆளா நின்று பார்க்கிறது அவர்தான். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

உங்க வீட்டில் பிரேக் வேலை நடந்தால், பக்கத்தில் யார் நிற்கிறாங்க? கீழே சொல்லுங்க.