நீங்கள் பார்த்தது எந்த நாஸ்ஃபெராட்டு?

தரமணி பறக்கும் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. சினிமா படிக்கும் இரண்டு பையன்கள், கையில் டீ கிளாஸ், காரசாரமாகச் சண்டை.

"என்னடா பெரிய கிளாசிக்? வெயில் பட்டா ரத்தக்காட்டேரி செத்துடும்னு கதை. ஆனா அந்தாளு பட்டப்பகல்ல சவப்பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்குள்ள நடந்து போறான். டைரக்டர் கவனிக்கவே இல்லையா?"

"பகலா? மச்சான், அது ராத்திரிடா. திரை முழுக்க நீலமா இருந்துச்சே."

"பிளாக் அண்ட் ஒயிட் படத்துல ஏதுடா நீலம்?"

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேரும்தான். இருவரும் பார்த்தது 1922-ல் முர்னாவ் எடுத்த ஜெர்மன் மௌனப் படமான 'நாஸ்ஃபெராட்டு'. ஆனால் ஒருவன் பார்த்த பிரதி வேறு, இன்னொருவன் பார்த்த பிரதி வேறு. ஒரே பெயர், ஒரே இயக்குநர், ஒரே நடிகர். படம் மட்டும் வேறு!

2024 டிசம்பரில் ராபர்ட் எக்கர்ஸ் இதே கதையைப் புதிதாக எடுத்து வெளியிட்ட பிறகு பழைய படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பார்ப்பவர்களில் பலர் முதலில் கையில் கிடைத்ததைப் பார்த்துவிட்டு, "பழைய படம் அப்படித்தான் இருக்கும், லாஜிக் எல்லாம் பார்க்கக் கூடாது" என்று முடித்துக்கொள்கிறார்கள். தப்பு முர்னாவ் மேல் இல்லை, பிரதியின் மேல் என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம்.

கோர்ட் கொளுத்தச் சொன்ன படம்

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் வெளிவந்தது 1897-ல். பிராணா ஃபிலிம் என்ற சின்னக் கம்பெனி, உரிமை எதுவும் வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றிப் படமாக்கியது. டிராகுலா பிரபு ஓர்லாக் பிரபு ஆனார், ஹார்க்கர் ஹூட்டர் ஆனார். கதை லண்டனிலிருந்து விஸ்போர்க் என்ற கற்பனை ஜெர்மன் ஊருக்குப் போனது. 1922 மார்ச் 4-ம் தேதி பெர்லினில் முதல் காட்சி.

ஸ்டோக்கர் 1912-லேயே இறந்துவிட்டார். அவர் மனைவி ஃபுளோரன்ஸ் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார். கம்பெனி திவாலானது. 1925-ல் ஜெர்மன் நீதிமன்றம் படத்தின் பிரதிகளை எல்லாம் அழித்துவிடச் சொல்லித் தீர்ப்பு சொன்னது.

அதற்குள் சில பிரதிகள் வெளிநாடு போய்விட்டன. அவைதான் படத்தைக் காப்பாற்றின. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கை பட்டது. பிரான்சில் எழுத்து அட்டைகள் பிரெஞ்சில் மாறின. 1930-ல் ஒருவர் படத்தை வெட்டி ஒட்டி, ஒலி சேர்த்து, 'பன்னிரண்டாம் மணி' என்று பொருள்படும் வேறு பெயரில் ஜெர்மனியில் வெளியிட்டார். அமெரிக்காவில் உலவிய பிரதிகளில் ஓர்லாக் மறுபடி டிராகுலா ஆகிவிட்டார், விஸ்போர்க் பிரெமன் ஆனது. எது உரிமைப் பிரச்சினையை வரவழைத்ததோ அந்தப் பெயரையே திரும்ப ஒட்டிவிட்டார்கள். வேடிக்கைதான் :-)

படம் பிடித்த மூல நெகட்டிவ் இன்று இல்லை. ஆக, "ஒரிஜினல்" என்று எடுத்துக் காட்ட யாரிடமும் ஒன்றும் கிடையாது.

நீலம் எங்கே போச்சு?

அந்தக் காலத்து ஃபிலிமையும் விளக்குகளையும் வைத்துக்கொண்டு ராத்திரியில் தெருவில் படம் பிடிப்பது ஆகாத காரியம். அதனால் ராத்திரிக் காட்சிகளையும் பகல் வெயிலிலேயே எடுத்தார்கள். பிறகு திரையரங்குக்குப் போகும் பிரதியில் அந்தப் பகுதியைச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகல் அல்லது விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்பு என்றால் விடியல். அன்றைய ரசிகர்களுக்கு இது பழகிப்போன பாஷை.

பின்னாளில் இந்தப் பிரதிகளைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நகல் எடுத்தபோது சாயம் போய்விட்டது. சாயத்தோடு ராத்திரியும் போய்விட்டது. மிச்சம் நிற்பது சுள்ளென்ற வெயிலும், அதில் சவப்பெட்டியோடு நடக்கும் ஓர்லாக்கும்.

வேறு படமாக இருந்தால் இது சின்ன இழப்பு. இந்தப் படத்தில் அப்படி விட முடியாது. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவார். சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்பது இந்தப் படம் கொண்டுவந்த சங்கதி. அதற்குப் பின் வந்த எத்தனையோ பேய்ப் படங்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். கதையின் முடிச்சே இரவுக்கும் விடியலுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத பிரதியில் படம் பார்ப்பது, கடைசிப் பக்கம் கிழிந்த துப்பறியும் நாவலைப் படிப்பது மாதிரி.

ஓட்டமும் பாட்டும்

அடுத்தது வேகம். அன்றைய காமிராக்கள் கையால் சுற்றப்பட்டவை. வினாடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கு பேசும் படம் வந்த பிறகு நிலைத்தது. நாஸ்ஃபெராட்டுவைச் சீரமைத்தவர்கள் வினாடிக்கு 18 என்று வைத்தார்கள், சுமார் 94 நிமிடம் வருகிறது. அதையே 24-ல் ஓட்டினால்? கணக்குப் போட்டால் 70 நிமிடம்தான். ஒரு காட்சியைக்கூட வெட்டாமல் கால் பங்கு படம் காணாமல் போகிறது! மெதுவாக எழும்பி வந்து வயிற்றைக் கலக்க வேண்டிய ஓர்லாக், பஸ்ஸுக்கு ஓடுகிறவர் மாதிரி விறுவிறுவென்று வருகிறார். பயம் வருமா, சிரிப்பு வருமா?

பிறகு இசை. முதல் காட்சிக்கு ஹான்ஸ் எர்ட்மன் எழுதிய இசையின் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. படத்துக்கு உரிமை முடிந்துவிட்டது, ஆனால் புதிதாகப் போடும் இசைக்கு உரிமை உண்டு. அதனால் வீடியோ கம்பெனிகள் ஆளுக்கொரு இசையைச் சேர்த்துத் தங்கள் சரக்கைத் தனியாகக் காட்டின. ஒன்றில் ஆர்கன். இன்னொன்றில், 1958-ன் 'டிராகுலா' படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்ட் 1997-ல் எழுதிய ஆர்கெஸ்ட்ரா. டைப் ஓ நெகட்டிவ் என்ற மெட்டல் குழுவின் பாடல்களை ஓட விட்ட வெளியீடுகூட உண்டு.

இதற்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மௌனப் படம் எந்த ஊரிலும் மௌனமாக ஓடியதில்லை. நம்மூர்க் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் வாசித்தார்கள். எழுத்து அட்டையைப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னார். ஊருக்கு ஊர் வேறு படம் என்பது அன்றே இருந்ததுதான்.

சீரமைத்தது மட்டும் அசலா?

2005-06-ல் ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியத்துவா சீரமைத்த பிரதி 2007-ல் டிவிடியாகவும், 2013-ல் புளூரேயாகவும் வந்தது. இன்று கிடைப்பதில் முதல் தடவை பார்ப்பவருக்குச் சொல்லக்கூடியது இதுதான். ஆனால் இதுவும் ஒரு ஒட்டுப் போட்ட துணி. அடிப்படை, சாயம் ஏற்றிய 1922-ம் வருடத்துப் பிரெஞ்சுப் பிரதி. விட்டுப்போன காட்சிகள் ஒரு செக் பிரதியிலிருந்து 1939-ல் எடுத்த நகலிலிருந்தும், 1930-ல் ஒலி சேர்த்து வெட்டி ஒட்டினார்களே, அதிலிருந்தும் எடுக்கப்பட்டன. கொத்துப் பரோட்டா போட்டவனின் பிரதி கூட ஒரு நாள் உதவியது, பாருங்கள்.

இதில் பாராட்ட வேண்டிய விஷயம் வேறு. இந்தத் துண்டு இங்கிருந்து, அந்தத் துண்டு அங்கிருந்து என்று படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். புதிதாக எழுதிச் சேர்த்த அட்டைகளில் அறக்கட்டளையின் முதல் எழுத்துகளைப் போட்டு, "இது எங்கள் கை" என்று காட்டிவிடுகிறார்கள். வேண்டியது இந்த நேர்மைதான். எல்லாருக்கும் ஒரே பிரதிதான் என்று சட்டம் போட வேண்டியதில்லை. எது என்ன என்று சொல்லிவிட்டால் போதும்.

"ஒரு படம் பார்க்க இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொழுதுபோக்காகப் பார்ப்பவருக்கு எந்தப் பிரதியும் சரிதான். மலிவு விசிடியும், பர்மா பஜார் டிவிடியும், யாரோ இணையத்தில் ஏற்றிய மங்கல் பிரதியும் இல்லாவிட்டால் இந்தப் படத்தைப் பாதிப் பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனால் பார்த்துவிட்டு முர்னாவுக்கு மார்க் போடக் கிளம்பினால், எந்த விடைத்தாளைத் திருத்துகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

நம்மிடம் சண்டை போடக்கூட ஒன்று இல்லை

இப்போது தரமணிக்கே திரும்பி வருவோம். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் 'கீசக வதம்'. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்தது. வருடம் 1917-ஆ 1918-ஆ என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அதில் ராத்திரி நீலமாக இருந்ததா, எத்தனை நிமிடம் ஓடியது என்று எந்த டீக்கடையிலும் யாரும் சண்டை போட முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கும் இதே கதி. இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டதாகக் கணக்கு. மிஞ்சியவை முப்பது சொச்சம், அதிலும் பல வெறும் துண்டுகள்.

நாஸ்ஃபெராட்டுவின் கதையை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. நாகர்கோவில் சுந்தர் ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' 1933-ல் திருவனந்தபுரத்தில் வெளியானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது. படம் சில நாளிலேயே நின்று, பிரதி பறிமுதல் ஆனது. அங்கே கொளுத்தச் சொன்னார்கள், இங்கே பூட்டி வைத்தார்கள். பூட்டி வைத்ததால்தான் 1974-ல் பூனா தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அது கிடைத்தது. திரையரங்குகளில் சந்தோஷமாக ஓடித் தேய்ந்த படங்கள் போய்விட்டன. கேஸில் மாட்டிய படம் பிழைத்தது.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தொலைந்துபோன படங்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்குக் கைப்பிடி அந்த மாதிரி சின்னப் புத்தகங்கள்தான். அதே தரமணியில்தான் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. ஒரு பக்கம் படம் எடுக்கக் கற்கிறார்கள், இன்னொரு பக்கம் போன படங்களின் தாள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான்.

பேசும் படங்களுக்கும் இது பொருந்தும். பாட்டுகளை வெட்டி வந்த பழைய பட விசிடிகளைப் பார்த்தவர்கள் நிறைய. 1964-ன் 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது, கூட்டமும் வந்தது. இனியும் பல வரும், வரட்டும். வரும்போது எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று தொடக்கத்தில் நான்கு வரி போட்டால் செலவு ஒன்றும் ஆகாது. பழைய பிரதியைத் தூக்கிப் போடாமல் வைப்பது அதைவிட முக்கியம். நாளைக்கு எந்தத் துண்டு உதவும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

கடைசியாக, நாஸ்ஃபெராட்டு பார்க்க உட்காருபவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வில்லன் பெயர் ஓர்லாக்கா, டிராகுலாவா?
2. ராத்திரி நீலமாக இருக்கிறதா, எல்லாமே ஒரே சாம்பலா?
3. நீளம் 94 நிமிடத்துக்குப் பக்கமா, 70-க்குப் பக்கமா?
4. இசை யாருடையது என்று போட்டிருக்கிறதா?

நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு டீக்கடைக்குப் போய் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.