எரிவதைச் சுமக்கலாம், அணைப்பதைச் சுமக்கக் கூடாதா?

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பைபாஸ் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் உங்கள் கையிலேயே மனு கொடுத்தேன். வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் தள்ளினீர்கள். அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனது. அவர்கள், இது காவல் துறை சம்பந்தப்பட்டது என்று எழுதினார்கள். காவல் துறை, தீயணைப்புத் துறையிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்றது. தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர்தான் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "நல்ல காரியம்தான் அண்ணே, ஆனா எழுத்துல குடுக்க எனக்கு அதிகாரம் கிடையாதே" என்றார். கடைசியில் என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: மனு தீர்வு செய்யப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. என்ன தீர்வு என்பது அதில் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

சட்டம், விதி, பிரிவு எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் பைக்கின் இடது பக்கம், சாரி கார்டை ஒட்டி, ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்று மாட்டியிருந்தேன். ஏபிசி பவுடர் நிரப்பியது, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது, நல்ல ஹெல்மெட் ஒன்றின் விலைக்குள் கிடைப்பது. வலது பக்கம் சைலன்சர் சூடு என்பதால் இடது பக்கம். இரும்புப் பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே பழைய டியூபை வெட்டி ரப்பர் கொடுத்திருந்தேன், குலுங்கித் தேயக் கூடாதென்று. பைக்கின் அதிர்வில் உள்ளே பவுடர் அடியில் படிந்து இறுகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் சுத்தியலால் அடியில் தட்டி இளக்கி, முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து மாட்டுவேன். பின்னை இழுத்தால் எளிதில் வர வேண்டும், ஆனால் ஓட்டத்தில் தானாக வரக் கூடாது. அதற்காக மெல்லிய பிளாஸ்டிக் டேக் ஒன்று போட்டிருந்தேன். இவ்வளவு விவரமும் எதற்கென்றால், விளையாட்டுக்கு மாட்டியதல்ல என்று நீங்கள் அறிய வேண்டும்.

ஏன் மாட்டினேன்? வண்டி எப்படிப் பற்றுகிறது என்பதைப் பட்டறைக்காரன் பார்க்கிற அளவு வேறு யார் பார்க்கிறார்கள்? வெயிலில் வெடித்துப்போன பெட்ரோல் டியூபோடு வருகிறார்கள். எலி கடித்த டியூபோடு வருகிறார்கள். கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகி எஞ்சின் மேல் சொட்டுவதைக் காட்டினால், "நாளைக்கு வர்றேன் அண்ணே" என்று கிளம்புகிறார்கள். கூடுதல் எல்இடி விளக்குக்கு ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துக் கொடுக்கும் கடைகள் இதே ரோட்டில் இருக்கின்றன. வண்டி சாய்ந்து விழுந்தால் டேங்க் மூடியில் கசியும். கசிந்தது சூட்டில் பட்டால் பற்றும். பற்றிய முதல் சில விநாடிகளில் ஒரு கிலோ பவுடர் போதும். அந்தச் சிலிண்டர் எட்டு, பத்து விநாடிதான் பீய்ச்சும். ஆனால் தொடக்கத்திலேயே அடித்தால் அந்த நேரமே மிச்சம். தீ டேங்கைச் சூழ்ந்த பிறகு அதை வைத்துக்கொண்டு கிட்டே போகக் கூடாது. மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் கொதித்துவிட்டால் இந்தப் பவுடர் அதை நிறுத்தாது என்பதையும் நான் மறைக்கவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார பைக் எரிந்து, புகையில் மூச்சடைத்துத் தகப்பனும் மகளும் செத்தார்கள். அந்தத் தீக்கு வேறு வழிதான் தேட வேண்டும். ஆனால் நம் ரோட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை இன்றும் பெட்ரோல் வண்டிகள். பெட்ரோல் தீக்கு இந்தச் சிலிண்டர் கேட்கும்.

ஒருநாள் பைபாஸ் முக்கில் வாகனச் சோதனை. ஹெல்மெட் இருந்தது, ஆர்சி இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது, புகைச் சான்றும் இருந்தது. அதிகாரியின் கண் சிவப்பு சிலிண்டரில் விழுந்தது.

"என்னய்யா இது?"

சொன்னேன்.

"வெடிச்சா யார் பதில் சொல்றது? ரோட்ல சிலிண்டர் கட்டிக்கிட்டுத் திரியக் கூடாது. கழட்டு."

லேபிளைக் காட்டினேன். பச்சையில் நின்ற முள்ளைக் காட்டினேன். எரிவதற்கு இதற்குள் ஒன்றும் இல்லை சார் என்றேன். என் கையிலேயே ஸ்பேனர் எடுத்துக் கழற்ற வைத்தார். வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்ததாக அபராதம். சிலிண்டரை ஜீப்பில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள் என்றார்.

நான் ரோட்டோரம் குனிந்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்தச் சோதனைத் தடுப்புக்கு நடுவே டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று நெளிந்து போனது. பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று சமையல் கேஸ் சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் 14.2 கிலோ எரிவாயு. யாரும் கை காட்டவில்லை. ஓட்டிப் போனவர் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவர் மாடிமாடியாகத் தூக்கிச் சுமந்துதான் நம் வீட்டு அடுப்பெல்லாம் எரிகிறது. என் கேள்வி உங்களிடம். கேஸ் போகிறது, கேனில் பெட்ரோல் போகிறது, தீபாவளிக்கு முன்பு மூட்டையாகப் பட்டாசு போகிறது. 2021 தீபாவளியன்று புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பத்தில், ஸ்கூட்டரில் கொண்டுபோன நாட்டுப் பட்டாசு வெடித்துத் தகப்பனும் ஏழு வயது மகனும் அந்த இடத்திலேயே உடல் சிதறிச் செத்தார்கள். எந்தத் தீயணைப்பானும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் எரிகிற பொருளையெல்லாம் விட்டுவிட்டு அணைக்கிற பொருளைப் பிடிக்கிற சோதனைக்குச் சாலைப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எப்படி மனம் வருகிறது?

இதோடு போயிருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டு வாயை மூடியிருப்பேன். போகவில்லை.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரம். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் போன பையன் ஒருவன் நாய்க்கு ஒதுங்கி, நடுத் தடுப்பில் இடித்து விழுந்தான். வண்டி வலப்புறமாகச் சாய்ந்து, கால் அடியில் மாட்டிக்கொண்டது. டேங்க் மூடி வழியே பெட்ரோல் சரசரவென்று இறங்கியது. நான் வண்டியை நிறுத்தி ஓடும்போது எஞ்சினுக்குக் கீழே உள்ளங்கை உயரத்துக்குத்தான் தீ. அவ்வளவுதான் இருந்தது, ஐயா. என் பைக்கில் அந்தச் சிலிண்டர் இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அது இருந்த இடத்தில் வெறும் இரும்புப் பட்டைதான் இருந்தது.

சற்றுத் தள்ளி ரோந்து வாகனம் நின்றது. குறை சொல்ல மாட்டேன், காவலர் ஓடி வந்தார். வண்டிக்குள்ளிருந்து தீயணைப்பான் ஒன்றையும் கொண்டுவந்தார். அவர் பின்னை இழுக்க, அது துருவேறி வரவில்லை. நான் வாங்கிக் குறடு போட்டு இழுத்தேன். அழுத்தினால் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று, ஒரு பிடி பவுடர், தீர்ந்தது. முள் சிவப்பில் கிடந்தது. எத்தனை காலமாகச் சிவப்பில் கிடந்ததோ, பார்த்தவர் இல்லை.

டீக்கடையிலிருந்து ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். ஊற்றாதீர்கள் என்று கத்தினேன். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். ஊற்றினால் தீ பையன் பக்கமே ஓடும். ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த மண்ணைக் கையால் அள்ளிப் போட்டோம். இரண்டு பேர் ஹேண்டில் பாரைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். சூடு கிட்டே விடவில்லை. பையன் முதலில் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை, அலறினான். அதற்குள் வடநாட்டு லாரி ஒன்று நின்றது. டிரைவர் கேபினிலிருந்து தன் சிலிண்டரை எடுத்துக் குதித்து, தீயின் அடியைப் பார்த்து இடமும் வலமுமாக அடித்தார். வெள்ளைப் புகையாய்ப் பவுடர் பரவியது. தீ அணைந்துவிட்டது. எண்ணி ஐந்தாறு விநாடி வேலை.

அந்த ஐந்தாறு விநாடி வேலையை, தீ உள்ளங்கை உயரத்தில் இருந்தபோதே நான் செய்திருக்க வேண்டும். செய்ய விடாமல் தடுத்தது உங்கள் நிர்வாகம்.

பையன் பிழைத்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தீக்காய வார்டில், கட்டு மாற்றும் நேரம் வரும்போது அவன் அம்மா எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய்விடுவார். அவன் குரல் கேட்காத தூரத்துக்கு. அவரிடம் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், பேர் மட்டும் போட வேண்டாம் என்றார்.

விபத்துக்கு மறுநாள் என் சிலிண்டரை வாங்கக் காவல் நிலையம் போனேன். அது எங்கே இருந்தது தெரியுமா? எழுத்தர் அறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். முள் பச்சையில்தான் நின்றது. வெடித்துவிடும் என்று சொல்லி ரோட்டிலிருந்து பிடுங்கிய பொருளைத் தங்கள் காலடியில் வைத்திருக்கிறார்கள் என்றால், அது வெடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கழற்றச் சொன்னார்கள். கேட்டதற்கு, வழக்கு முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். என்ன வழக்கு? அபராதம் கட்டியாயிற்று, ரசீது இருக்கிறது.

இதையெல்லாம் மனுவில் எழுதியிருந்தேன், ஆட்சியர் அவர்களே. பையனின் மருத்துவச் சீட்டு நகலும் இணைத்திருந்தேன். அதைத்தான் முடித்துவைத்தீர்கள். ஒரு மனுவை முடிக்க உங்கள் அலுவலகத்துக்கு ஒரு பொத்தான் போதும். அந்தக் கால் ஆறி முடிய எத்தனை மாதம் என்று டாக்டரே சொல்ல மறுக்கிறார்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் நீங்கள். காவல் துறை, போக்குவரத்து, நெடுஞ்சாலை எல்லோரும் உங்கள் முன்னால்தான் வந்து உட்காருகிறார்கள். என் மனு சுற்றி வந்த அலுவலகங்களை ஒரே மேசையில் கூட்ட உங்களால் முடியும். பிறகு எதற்கு என்னை ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க விட்டீர்கள்? நெரிசலில் பெரிய வண்டி நுழைய முடியாது, இரு சக்கர வண்டிதான் முதலில் போய்ச் சேரும் என்று அரசுக்கே தெரியும். அதனால்தானே 2016-இல் 108 சேவையில் பைக் ஆம்புலன்ஸ் விட்டார்கள்? உயிர் காக்கும் மருந்து பைக்கில் போகலாம் என்றால், தீயை அணைக்கும் பவுடர் ஏன் போகக் கூடாது?

எல்லோரும் மாட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. கட்டாயம் என்றால் மறுநாளே போலி சிலிண்டர் விற்கக் கடை முளைக்கும்; ஹெல்மெட்டில் பார்த்தோமே. மானியம் கேட்கவில்லை. பாராட்டுச் சான்றிதழ் வேண்டவே வேண்டாம். தன் காசைப் போட்டு வாங்கி, அடுத்தவன் உயிருக்காகச் சுமந்து போகிறவனைக் குற்றவாளியாக ரோட்டோரம் நிறுத்தாதீர்கள். உங்கள் ரோந்து வண்டிகளில் இருக்கிற தீயணைப்பான்களை நாளைக் காலை இறக்கச் சொல்லி முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே நேரில் பாருங்கள். கீழே இருப்பவர்கள் எழுதித் தரும் அறிக்கையில் எல்லா முள்ளும் பச்சையில்தான் நிற்கும். பழுதானதை மாற்றித் தர எங்கள் மெக்கானிக் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள், கூலி வேண்டாம்.

வார்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்றும் கேட்கிறேன். படம் எடுப்பவர்கள் இல்லாமல், தனியாக. தீக்காய வார்டு எந்த மாடி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அம்மாவிடம், மனு முடித்துவைக்கப்பட்டது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

மறுபடி வேறொரு சிலிண்டர் வாங்கி மாட்டிவிட்டேன். அதே இடத்தில், அதே பட்டையில். பட்டறைக்கு வருகிறவர்களில் கேட்கிறவர்களுக்கும் மாட்டிக் கொடுக்கிறேன். சோதனையில் நிறுத்தினால் அபராதம் கட்டுவேன், கழற்ற மாட்டேன். இரு சக்கர வண்டியில் தீயணைப்பான் கொண்டுபோகிறவரைத் தடுக்கக் கூடாது என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் போதும். அந்த வரியை எழுத உங்களுக்கு நிதி வேண்டாம், கோப்பு வேண்டாம், சென்னையைக் கேட்க வேண்டாம். எழுதுங்கள்.

இப்படிக்கு,
பைபாஸ் ரோடு மெக்கானிக் ஒருவன்