ஒரு வீடு, எட்டு மாதம், இரண்டு வரி: ரொறன்ரோ மேயருக்கு ஒரு திறந்த மடல்



ஸ்காபரோவில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, சமையலறையை உடைத்துப் புதிதாக்கி, சில மாதங்களில் கைமாற்றுபவர்கள் கொள்ளை லாபம் அடிக்கிறார்கள் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். தொலைக்காட்சியில் அரைமணி நேரத்தில் வீடு மின்னத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். தாளில் கணக்குப் போட்டவர்களுக்கோ வேறொன்று தெரியும்: லாபம் வருகிறதோ இல்லையோ, தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வது உங்கள் மாநகரசபை.

ஒரு மில்லியன் டொலர் வீட்டை உதாரணமாக எடுங்கள். ஒன்ராறியோ அரசுக்கு நிலக் கைமாற்ற வரி 16,475 டொலர். வீடு ரொறன்ரோ எல்லைக்குள் இருந்தால் நகரத்துக்கும் அதே தொகை. சுவரில் ஓர் ஆணி அடிக்கும் முன்னரே 32,950 டொலர் போய்விடுகிறது. ஸ்டீல்ஸ் வீதிக்கு அந்தப் பக்கம், மார்க்கத்தில், இதில் பாதிதான். மாகாணத்தில் ரொறன்ரோ மட்டும்தான் 2008 முதல் தனியாக இந்த வரியை வசூலிக்கிறது.

இனி மிச்சக் கணக்கு. 20 சதவீதம் கையிலிருந்து போட்டு, 800,000 டொலர் கடனை 6 சதவீத வட்டிக்கு எடுத்தவர் எட்டு மாதம் வீட்டை வைத்திருந்தால் வட்டி மட்டும் 32,000. புதுப்பிக்கும் வேலைக்கு 120,000. வழக்கறிஞர், காப்புறுதி, சொத்து வரி, மின்சாரம், எரிவாயு எல்லாம் சேர்த்து 11,000 என்று வையுங்கள். 1,250,000க்கு விற்றால் முகவர்களுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 13 சதவீத எச்எஸ்ரி, மொத்தம் 70,625. வாங்கிய விலையோடு எல்லாவற்றையும் கூட்டினால் 1,266,575. கால் மில்லியன் ஏற்றி விற்றும் 16,575 டொலர் நட்டம்!

அந்த வீட்டை அடுத்து வாங்குபவர் நகரத்துக்கு 21,475 டொலர் கட்டுகிறார். எட்டே மாதத்தில் ஒரே கூரையிலிருந்து நகரத்துக்கு 37,950 டொலர்.

அப்படியானால் இதில் பணம் பார்த்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? பெரும்பாலும் சந்தை ஏறியதால்தான். கனடா வங்கியின் வட்டி 0.25 சதவீதமாகக் கிடந்த காலத்தில், பூட்டிவைத்த வீடும் சம்பாதித்தது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி விலை 1.3 மில்லியனைத் தாண்டியது. 2023 ஜூலையில் வட்டி 5 சதவீதம் ஆனபோது, உச்சத்தில் வாங்கியவர்களின் கணக்கு தலைகீழானது. கணினிகளை வைத்து விலை கணித்த அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனமே 2021 நவம்பரில் வீடு வாங்கி விற்கும் தொழிலை மூடுவதாக அறிவித்து, ஊழியர்களில் கால்வாசிப் பேரை நீக்கியது.

அரசுகளும் சும்மா இருக்கவில்லை. 2023 முதல், ஓராண்டுக்குள் விற்ற வீட்டின் லாபத்தை மத்திய அரசு வியாபார வருமானமாகவே பார்க்கிறது. மரணம், மணமுறிவு, வேலை இழப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பிரிட்டிஷ் கொலம்பியா 2025இலிருந்து ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் கேட்கிறது. அது படிப்படியாகக் குறைந்து இரண்டாம் ஆண்டு முடிவில் இல்லாமல் போகும். மத்திய அரசின் சட்டமோ நாட்காட்டியைத்தான் பார்க்கிறது. வீட்டுக்குள் என்ன வேலை நடந்தது என்று கேட்பதில்லை. பெயின்ற் அடித்து குவாட்ஸ் கல் பதித்தவரும், நிலக்கீழ் அறைக்குத் தனி வாசலும் தீத்தடுப்புச் சுவரும் அமைத்து இன்னொரு குடும்பம் சட்டப்படி குடியிருக்க வழி செய்தவரும் அதற்கு ஒன்றுதான்.

இதில் முறையாக வேலை செய்பவருக்குத்தான் அடி. மேற்சொன்ன கடனுக்கு மாத வட்டி 4,000 டொலர். கட்டட அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை கரைகிறது. அவசரக்காரர் அனுமதியே எடுக்காமல் மின்கம்பியை இழுத்துச் சுவரை மூடிவிடுகிறார். பளபளப்பைப் பார்த்து வாங்கிய குடும்பம், வாடகைக்கு விடப்போகும்போதுதான் சிக்கலை அறிகிறது.

நகரம் முழுவதும் நான்கு குடியிருப்புகள் வரை கட்ட 2023இல் உங்கள் சபை இடம் கொடுத்தது. 2025 ஜூனில் ஸ்காபரோ வடக்கு உட்பட ஒன்பது தொகுதிகளில் அதை ஆறாக்கியது. நல்ல முடிவுகள்தான். ஆனால் பழைய வீட்டை வாங்கி அந்த இரண்டாவது, மூன்றாவது குடியிருப்பை உண்மையில் உருவாக்கக்கூடியவரிடம், வாசலிலேயே 16,475 டொலர் கேட்கப்படுகிறது.

முதன்முறை வீடு வாங்குவோருக்கு நகரம் இந்த வரியில் 4,475 டொலர் வரை திருப்பித் தருகிறது. அதே வழியில் இன்னொரு வகையைச் சேர்க்கலாம்: அனுமதி பெற்று, இறுதிப் பரிசோதனை முடித்து, புதிதாக ஒரு சட்டபூர்வக் குடியிருப்பைச் சேர்த்தவருக்கு, வாங்கியபோது கட்டிய நகர வரி முழுவதும் திரும்பட்டும். பெயின்ற் அடித்தவருக்கு ஒரு சதமும் வேண்டாம். வாடகைக்கு இருந்தவரை வெளியேற்றி வேலை பார்த்தவருக்கும் வேண்டாம். புதுப்பிப்பைச் சாட்டாக வைத்து வெளியேற்றுவதைத் தடுக்க 2025 ஜூலை 31 முதல் உங்கள் உரிம விதி இருக்கிறது, அதன் பதிவேட்டையே இதற்கும் பார்க்கலாம். வியாபாரிக்குச் சலுகையா என்று சபையில் யாராவது எழுந்து கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: நகரம் திருப்பிக் கொடுப்பது 16,475, அதே வீடு மீண்டும் விற்கப்படும்போது வருவது 21,475.